டிம்ப்னா மல்க்ரூ வீட்டு வாசலில் நின்ற போலீஸ் வண்டி

டிம்ப்னா மல்க்ரூ இடது கையால் கணவனின் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் சவரம் செய்துகொண்டிருந்தாள். அவன் தலை ஒரு பக்கம் சரியாமலிருக்க நான் பின்னால் நின்று தாங்கியிருந்தேன். மேசையில், சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பதினான்கு பக்க விண்ணப்பம் ஒன்று கிடந்தது. அதன் மேல் நுரை தெறித்திருந்தது.

"பாரபட்சம் பார்க்காம முடிவெடுத்த சந்தர்ப்பம் ஒண்ணு சொல்லுன்னு கேட்டிருக்கான். என்னடி எழுதறது, நோரீன்?"

"மூக்குக்குக் கீழ பார்த்து இழு. போன வாரம் ரத்தம் வந்துது."

"கஸ்டர்டு யாருக்கு எத்தனை கரண்டின்னு முப்பது வருஷமா முடிவெடுக்கறேன். அதை எழுதட்டுமா?"

"நாசமாப் போ," என்றான் மலாக்கி.

பக்கவாதம் அவனிடம் விட்டுவைத்த சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் அதையே சொல்வான், நன்றி சொல்லவும் அதுதான். பேச்சு போனவர்களுக்கும் வசவு மட்டும் மிஞ்சுவது உண்டு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எனக்கு அதில் வருத்தமில்லை. நற்கருணை கொடுக்க வரும் பாதிரியாருக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை, ஆறு வருடம் போனேன். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஓய்வு பெறும்வரை அதை மீறவில்லை. இப்போது மலாக்கி இல்லை. டிம்ப்னாவும் போன குளிர்காலத்தில், கடலோரத்தில் அவளை யாருக்கும் தெரியாத ஒரு ஊரில், கண்ணை மூடினாள். பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில் 'பள்ளிச் சமையல்காரர்' என்று போட்டிருந்தார்கள். அது பாதிதான்.

அவள் பெல்ஃபாஸ்டுக்கு மேற்கே எங்கள் டைரோன் பகுதியில் பிறந்தவள். பதினாறு வயதில் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபதில் மலாக்கியைக் கட்டினாள். அவன் லாரி ஓட்டினான். பிரெக்கன் பார்க்கில் அரசாங்க வீடு கிடைத்தது. தொழிற்சாலை மூடிய பிறகு ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் சேர்ந்து, பத்து வருடத்தில் தலைமைச் சமையல்காரி ஆனாள். ஒரே மகன், டெக்லன். பதினைந்தாவது வயதில் ஒரு காரைத் திருடி ஓட்டிக்கொண்டு போய் வேலியில் மோதினான்.

கோர்ட்டில் அவனை விசாரித்தவர் ஒரு ஓய்வு பெற்ற மேஜர். அப்போதெல்லாம் அந்த நாற்காலிக்கு ஆள் எடுப்பது வெளியே தெரியாது. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இன்னொரு பெரிய வீட்டுக்காரரிடம் கோல்ஃப் மைதானத்தில் சொல்வார், அவ்வளவுதான். மேஜர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார். ஆறு மாதத்தில் திரும்பி வந்தவன் வேறு ஆளாக இருந்தான். பதினெட்டில் ஆஸ்திரேலியா போனான். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும்.

"அந்த ஆளு என் பையன் மூஞ்சியைக்கூடப் பார்க்கலடி," என்பாள். "அந்த மேசைக்குப் பின்னாடி பள்ளிக்கூட ஸ்வெட்டர் துவைச்ச ஒருத்தியாவது உட்கார்ந்திருக்கணும்."

ஆகவே, நீதிபதிகளை இனி விண்ணப்பம் வாங்கித்தான் எடுப்போம், வக்கீலுக்குப் படிக்காதவர்களும் மாஜிஸ்திரேட் ஆகலாம், எல்லாத் தரப்பு மக்களும் வரவேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தபோது அவள் கத்தரிக்கோலால் வெட்டி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் எந்த வேலை விண்ணப்பத்திலும் நீ கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்று கட்டம் இருக்கும். அவள் கத்தோலிக்கர் கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் அடித்தாள்.

"இந்த டிக்கால இதுவரைக்கும் எனக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. இப்பவாவது சம்பாதிச்சுக் குடுக்கட்டும்."

2009 வசந்தத்தில் வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தோடு பாதுகாப்பு அறிவுரை இரண்டு பக்கம் வந்தது. பதவியைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேச வேண்டாம். பிரிட்டிஷ் கோர்ட்டுக்கு வேலை செய்பவர்களைச் சுடுவோம் என்று திரியும் சில பேர் இன்னும் இருந்தார்கள், அதனால்தான். கணவனுக்குச் சொல்லலாம். கணவன் "நாசமாப் போ" என்றான். வேலை நேரத்தில் வீட்டுக்குள் வந்துபோகிற என்னிடமிருந்து மறைக்க முடியாது என்பதால் என்னிடமும் சொன்னாள். என் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

மாதம் இரண்டு நாள் சிறார் கோர்ட்டுக்கு இருபது மைல் பஸ்ஸில் போனாள். பள்ளியில் மலாக்கியை பெல்ஃபாஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அது பொய். ஆனால் சொல்லச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்காருவாள், கோர்ட்டில் நடந்த எதையும் சொல்லமாட்டாள். ஒரே ஒரு முறை, "இன்னிக்கு ஒருத்தனை நிமிர்ந்து பாருன்னேன். பார்த்தான்," என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

2010 ஏப்ரலில் போலீசும் கோர்ட்டும் லண்டன் கையிலிருந்து பெல்ஃபாஸ்ட் கைக்கு வந்தன. முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. டிவியில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். பிரெக்கன் பார்க்கில் அன்று குப்பை வண்டி வரவில்லை. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

அந்த நவம்பரில், கோர்ட் மூடிய பிறகு வரும் சோதனை வாரண்டுகளுக்குக் கையெழுத்துப் போடும் பட்டியலில் டிம்ப்னாவின் பெயரும் ஏறியது. பட்டியல் போட்டவன் பெல்ஃபாஸ்டில் இருந்தான். பெயரைப் பார்த்தான். முகவரி எப்படிப்பட்ட தெருவில் என்று பார்க்கவில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணி. மலாக்கியை எந்திரத்தில் தூக்கிக் கட்டிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னலில் தெருவிளக்கின் வெளிச்சம் மறைந்தது. பார்த்தால் போலீஸின் கவச வண்டி. பிரெக்கன் பார்க்கில் அந்த வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் இரண்டு காரணம்தான் இருக்கமுடியும். ஒன்று, உள்ளே இருப்பவனைப் பிடிக்க வந்திருக்கிறார்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பவள் போலீசுக்குத் துப்புக் கொடுக்கும் ஆள்காட்டி. மூன்றாவது ஒரு காரணம் இருக்கும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இளம் அதிகாரி ஒருவன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். டிம்ப்னா அவனை உட்காரவைத்த சமையலறையின் கதவு திறந்தே இருந்தது. எந்திரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவனை விட்டுவிட்டு நான் போய்க் கதவைச் சாத்த முடியாது. எல்லாம் காதில் விழுந்தது.

வாரண்டு கேட்டு அவன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தான். பிறகு முகவரியைப் படித்தான். பிரெக்கன் பார்க், இருபத்திரண்டாம் எண்.

"நிறுத்துங்க தம்பி," என்றாள் டிம்ப்னா. "அது நாலு வீடு தள்ளி. அந்த வீட்டுக்காரி என்கூட வேலை பார்க்கறா. இதை நான் கேட்கவே கூடாது. எடுத்துட்டு வேற ஆள்கிட்ட போங்க."

"மேடம், இந்த வாரம் உங்க பேருதான்..."

"பேரு யாருதா இருந்தாலும் விதி விதிதான். இன்னொண்ணு. இது மாஜிஸ்திரேட் சொல்றது இல்ல, மனுஷியா சொல்றேன். அந்த வீட்டுல ரெண்டு மாசக் குழந்தை இருக்கு. விடியக்காலையில கதவை உடைச்சுட்டுப் போகாதீங்க."

"அதை நான் முடிவு பண்ண முடியாது, மேடம்."

"அதுவும் தெரியும். அடுத்த தடவை வாசல்ல வண்டியை நிறுத்தாதீங்க."

"நடந்து வரவா சொல்றீங்க? இந்தத் தெருவுல?" என்று கேட்டான். அவனும் எங்கள் பக்கத்துப் பையன்தான், பேச்சிலேயே தெரிந்தது. அவனும் வேலையை மறைப்பவன்தான், வீட்டுத் துணிக்கொடியில் போலீஸ் சட்டை காய்ந்திருக்காது.

வண்டி மொத்தம் பன்னிரண்டு நிமிடம் நின்றது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு இருபத்திரண்டாம் எண் வீட்டுக் கதவை உடைத்தார்கள். வேறு எங்கோ, வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தரைப் பலகையைப் பெயர்த்தார்கள், குழந்தையின் தொட்டிலைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரி கொரெட்டி மெக்கேர்னனின் மகன் ஃபியாக்ராவை அழைத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள்.

கணக்குப் போட தெருவுக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. புதன் மாலை வண்டி டிம்ப்னா வீட்டில். வியாழன் காலை மெக்கேர்னன் வீட்டில். மாதம் இரண்டு நாள் அவள் பஸ்ஸில் எங்கே போனாள்? மலாக்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை யார் பார்த்தது? ஆம்புலன்ஸ் வந்ததா?

வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருவில் வேறொரு நோயாளியின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மகள் டீ வைத்துக்கொண்டே சொன்னாள். "நீ அந்த மல்க்ரூ வீட்டுக்குப் போறவதானே? பார்த்து இரு. அவ ஆள்காட்டி. எத்தனை வருஷமாவோ."

"உங்கப்பா கால்ல தண்ணி சூடு போதுமான்னு பாரு," என்றேன். வாயில் வந்ததை விழுங்கினேன். விதி. அன்று அதை மீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து நான் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் பெருமையும் படவில்லை.

திங்கட்கிழமை, அவள் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் 'ஆள்காட்டி' என்று எழுதியிருந்தது. அவள் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சுவரை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

பள்ளியில் அதைவிட மோசம். அவள் சமைத்ததை நூற்று நாற்பது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் தொண்ணூறு ஆயிற்று. அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு. மற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்து ரொட்டியும் சிப்ஸும் கொண்டுவந்தார்கள். இலவசச் சாப்பாட்டுச் சீட்டு உள்ள பிள்ளைகள்கூட. அந்த வீடுகளில் கொடுத்துவிட என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சமையலறையில் கொரெட்டி முதுகைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கினாள். பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள்.

கட்சிக்காரன் ஃபெர்கல் லோக்ரன் வந்தான். முன்பு போலீஸைக் கண்டால் கல்லெடுத்தவன். இப்போது அவன் கட்சி பெல்ஃபாஸ்டில் ஆட்சியில் இருந்தது. போலீஸைக் கண்காணிக்கும் குழுவில் அவன் பெயர் இருந்தது. நல்ல கோட்டு போட்டிருந்தான்.

"டிம்ப்னா, நாங்க இப்ப போலீஸை ஆதரிக்கிறோம். எல்லாருக்கும் தெரியும். அது வேற."

"எது வேற?"

"போலீஸ்கிட்ட பேசறது தப்பில்ல. ஆனா எங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுப் பேசணும்."

"அப்ப போலீஸ் உங்களுதாயிடுச்சுன்னு சொல்லு. நம்மளுது ஆகல."

"கொஞ்ச நாள் வெளியூர்ல இருங்க. வீடு மாத்தித் தர்ற ஃபாரம் இருக்கு. நான் எழுதித் தர்றேன். மிரட்டல்னு போட்டா சீக்கிரம் கிடைக்கும்."

"மிரட்டறது யாருன்னு கேட்டா யாரு பேரைப் போடுவ?"

அவன் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான். "நாசமாப் போ," என்றான் மலாக்கி. அந்த ஒருமுறை வார்த்தையும் சமயமும் பொருந்தியிருந்தன.

மறுநாள் பள்ளிச் சமையல் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்ததும் டிம்ப்னா பெல்ஃபாஸ்ட் அலுவலகத்துக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மலாக்கிக்குச் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் ஊட்டினாள். மறுபக்கம் ஒரு இனிமையான பெண் குரல்.

"பதவியை வெளிப்படுத்த வேண்டாம்கறதுதான் எங்க அறிவுரை, மிஸஸ் மல்க்ரூ. உங்க பாதுகாப்புக்காக."

"வெளிப்படுத்தாததாலதான் என்னை ஆள்காட்டிங்கறாங்க. மாஜிஸ்திரேட்னா ஒருவேளை சுடுவான். ஆள்காட்டின்னா பக்கத்து வீட்டுக்காரி பால்கூடத் தரமாட்டா. எது மேலுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா?"

"மன அழுத்தத்துக்கு ஒரு கையேடு இருக்கு. அனுப்பட்டுமா?"

"அனுப்புங்கம்மா. ஜன்னல் துடைக்கக் காகிதம் வேணும்."

போனை வைத்தாள். சூப்பை முடித்தாள். துண்டால் மலாக்கியின் வாயைத் துடைத்தாள். "நோரீன், நான் சொல்லிடப் போறேன்," என்றாள்.

"சொல்லு," என்றேன்.

"பதவியை மட்டும்தான். புதன்கிழமை நடந்ததைச் சொல்ல முடியாது. அதுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். சொன்னா நாற்காலி போயிடும்."

சொல்லப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. நான்கு மணிக்குக் கொரெட்டியே வந்தாள். கதவைத் தட்டவில்லை. ஃபியாக்ராவுக்கு வேலை போயிருந்தது. கிடங்கு முதலாளி போலீஸ் பிடித்துப்போனவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. எவ்வளவு குடுத்தானுங்க?"

"யாரும் எதுவும் குடுக்கல. உட்காரு கொரெட்டி."

"உன் வீட்டுல நான் உட்காரமாட்டேன். பின்ன எதுக்குடி வண்டி வந்துது?"

"நான் மாஜிஸ்திரேட்."

கொரெட்டி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அவளுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"மாஜிஸ்திரேட்டா! நீயா! ஏண்டி, பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரி சொல்லக்கூடாதா? கஸ்டர்டு ஊத்தறவளை மாஜிஸ்திரேட்டா போட்டாங்களாம்! அப்ப நான் யாரு, போப்பாண்டவரா?"

டிம்ப்னா அலமாரியிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கொரெட்டி படித்தாள். உதடு அசைந்தது. இரண்டாவது முறை படித்தாள். சிரிப்பு போய்விட்டது. முகம் மெல்ல வேறு மாதிரி ஆனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உண்மையா?"

"உண்மை."

"வாரண்டுல கையெழுத்துப் போடறது நீங்கதானே? மாஜிஸ்திரேட்டுங்க?"

டிம்ப்னா கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"அப்ப நீதான் போட்ட. ஆள்காட்டியாவது கேட்டதைத்தான் சொல்லுவா. நீ என் பேரன் தொட்டிலைக் கவுக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க. காலையில என்கூட நின்னு கேரட் சீவிட்டு, சாயந்திரம் கையெழுத்து."

"கொரெட்டி, இதுக்கு மேல நான் பேச முடியாது."

"போடலன்னு சொல்லேன். ஒரு வார்த்தை. போடலன்னு சொல்லு, நான் நம்பறேன்."

இதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. அவள் நம்பத்தான் வந்திருந்தாள் என்று அப்போது புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. டிம்ப்னாவால் முடியாது. என்னால் முடியும். நான் கேட்டவள். நான் வாயைத் திறந்தேன். டிம்ப்னா என்னைப் பார்த்தாள். அவளைத் தவிர அன்று அதைக் கேட்டவள் நான் மட்டும்தான்; நான் சொன்னால் அவள் சொன்னதாகத்தான் ஆகும். மூடிக்கொண்டேன்.

கொரெட்டி கடிதத்தை நான்காக மடித்து மலாக்கியின் தட்டில், மிச்சமிருந்த உருளைக்கிழங்கின் மேல் வைத்தாள். "முன்னாடி அந்தப் பெரிய வீட்டுக்காரனுங்க செஞ்சானுங்க. அவனுங்களை வெறுக்கறது சுலபமா இருந்துது," என்றாள். போய்விட்டாள்.

டிம்ப்னா கடிதத்தைத் துடைத்தாள்.

"அவகிட்ட சொல்லியிருக்கலாம்," என்றேன். "ஒரு தடவை விதியை மீறினா வானம் இடிஞ்சு விழாது."

"அடுத்த வாரம் எவனோ ஒருத்தன் பையன் என் முன்னாடி நிப்பான். அவனுக்காக யாரோ வந்து, ஒரே ஒரு தடவைம்பா. அப்ப என்ன சொல்ல?" பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?" என்றாள்.

"எப்பவும்போல ஏழரை."

"ஏழுக்கு வா. நாளைக்குக் கோர்ட் இருக்கு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை இருக்கு."

மறுநாள் காலை ஏழுக்குப் போனேன். அவள் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தாள். மலாக்கியை என்னிடம் விட்டுவிட்டு, பின்சந்து வழியாகப் போகாமல் தெருவின் நடுவில் நடந்து பள்ளிக்குப் போனாள். நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். தலைமையாசிரியரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அவர் காரணம் கேட்டார். "பசங்க பட்டினி கிடக்கறாங்க, சார். நான் வேலையை விட்டு நின்னா அவங்க சாப்பிடுவாங்க," என்றாள். எட்டு மணிக்குச் சமையலறைக்குப் போனாள். கொரெட்டி தனியாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிம்ப்னாவுக்கு அடுத்த மூப்பு கொரெட்டிக்குத்தான்.

டிம்ப்னா குளிர் அறைச் சாவியை அவள் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "வியாழக்கிழமை மீன் வரும். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்து வாங்கு. பால் ஒத்துக்காத பசங்க மூணு பேர் பேரு கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு. அடுப்புல இடது பக்கம் பத்தவைக்கறப்போ தள்ளி நில்லு."

கொரெட்டி நிமிரவில்லை. சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கத்தியைப் பிடித்தாள்.

டிம்ப்னா ஒன்பது பத்துக்கு வரும் பஸ்ஸைப் பிடித்தாள். பத்தரைக்குக் கோர்ட்டில் அவள் இடத்தில் உட்கார்ந்து, முதல் பையனை உள்ளே கூப்பிடச் சொன்னாள்.